கையொப்பமிட்ட பிழை

சென்னையின் சிறிய அச்சகங்களில் முன்பணம் கட்டி வாங்கிய ரசீதைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. பார்த்தால் அங்கே பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். மெய்ப்பைப் பார்த்து வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த பிறகு காணப்படும் பிழைகளுக்கு அச்சகம் பொறுப்பாகாது என்பது அதன் சாரம். சில கடைகளில் அதையே கணினியில் அடித்துச் சாமி படத்துக்கும் தினசரிக் காலண்டருக்கும் நடுவில் ஒட்டி வைத்திருப்பார்கள். நியாயமான நிபந்தனைதான். ஆனால், பிழை நேர்ந்துவிட்ட நாளில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நியாயமாக நடந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

எண்ணம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகளின் திருமணப் பத்திரிகையை அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் கொஞ்சம் தமிழ் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்றிலிருந்து பிரியும் சந்தில், பல வருடப் பழக்கமுள்ள ஒரு சிறிய அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர், தட்டச்சுக்கு ஒரு பெண், இயந்திரத்துக்கு ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட இடம். மறுநாள் மெய்ப்பு வந்தது. தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் மூன்று முறை படித்தேன். ‘சரி பார்த்தேன், அச்சிடலாம்’ என்று எழுதிக் கையொப்பமும் போட்டேன்.

அறுநூறு அட்டைகள் வந்தன. மஞ்சள் தடவிப் பூஜையில் வைத்து எடுத்து, உறைகளில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணிதான் பார்த்தார். பேத்தியின் பெயருக்கு மேலே இரண்டு தாத்தாக்களின் பெயர்கள். எங்கள் தந்தை இறந்து பல வருடங்களாகிவிட்டன. அவர் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. அண்ணியின் தந்தைக்கு எண்பத்துநான்கு வயது, அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெயருக்கு முன்னாலும் ‘காலஞ்சென்ற’ என்றே இருந்தது.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. தட்டச்சு செய்த பெண் முதல் தாத்தாவின் வரியைப் பிரதியெடுத்து, அதற்குக் கீழே ஒட்டி, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறார். முன்னால் இருந்த ஒரு சொல் தங்கிவிட்டது. நான் எழுதிக் கொடுத்த தாளில் அது சரியாகத்தான் இருந்தது. நானும் பெயரைப் பார்த்தேன், ஊரைப் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை. எட்டு உறைகள் அதற்குள் கூரியரில் போய்விட்டிருந்தன. பெரியவரிடம் மறைக்க முடியவில்லை. அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, “எப்போன்னு போடலையே?” என்று மட்டும் கேட்டார். அண்ணி அழுதுவிட்டார்.

அட்டைக்கட்டோடு அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர் கோப்பிலிருந்து மெய்ப்பை எடுத்துப் பார்த்தார். என் கையொப்பம் அதில் இருந்தது. அதை என் பக்கம் திருப்பிக் காட்டாமலே கோப்பில் வைத்தார். “நான் அடிச்சதைத்தான் நீங்க பாத்திருக்கீங்க. அட்டைக் காசு மட்டும் குடுங்க சார், மத்தது என்னோடது” என்றார். இரண்டாம் நாள் மாலை புதிய அட்டைகள் வந்தன.

வீட்டில் இதன் மேல் ஒரு விவாதம் நடந்தது. தவறு அவர்களுடையது, அட்டைக்கு மட்டும் நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணன். கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் நேர் எதிராகப் பேசினார்: நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அவன் ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம், செய்தது பெருந்தன்மை. இரண்டுமே எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. பெருந்தன்மை என்று சொல்லிவிட்டால் அது அந்த மனிதரின் குணத்தோடு முடிந்துவிடும். அடுத்த அச்சகத்தில் அடுத்த வாடிக்கையாளருக்கு எது முறை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்தக் கேள்வி புதியதன்று. தமிழ் அச்சின் வரலாற்றில் பிழைக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆறுமுக நாவலர் (1822–1879) பிழையற்ற பதிப்பு என்பதைத் தம் வாழ்வின் வேலைகளில் ஒன்றாகவே வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். பின்னர் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் நடத்தினார். எழுதுபவர், பதிப்பிப்பவர், மெய்ப்பு பார்ப்பவர், அச்சிடுபவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், பிழைக்குப் பொறுப்பாளர் யார் என்ற வழக்குக்கே அங்கே இடமில்லை.

உ.வே.சாமிநாதையரின் நிலை வேறு. 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்தபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். அச்சுவேலை சென்னையில். விடுமுறைகளில் இங்கே வந்து தங்கி அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டியதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். இன்றைய கணக்கில் அவர் ஒரு வாடிக்கையாளர். ஆனால் எத்தகைய வாடிக்கையாளர்! ஓர் எழுத்துக்காகப் பல சுவடிகளைப் புரட்டிய கண்கள் அந்த மெய்ப்பைப் படித்தன. அவர் ‘அச்சிடலாம்’ என்றால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. அப்படியிருந்தும் அவர் முதல் பதிப்போடு நிற்கவில்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பைத் திருத்தங்களோடு 1907-இல் கொண்டுவந்தார். பெசன்ட் நகரில் அவர் பெயரால் இருக்கும் நூல்நிலையத்துக்குப் போகிறவர்கள் பழைய பதிப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம். அக்காலத் தமிழ் நூல்களில் ‘பிழைதிருத்தம்’ என்றொரு பக்கம் வெட்கமில்லாமல் இருக்கும். இந்த இடத்தில் தவறிவிட்டோம், இப்படித் திருத்திக்கொள்க என்று சொல்வதைக் குறைவாக நினைக்காத காலம் அது.

உலகத்தில் வேறு இடங்களிலும் இரண்டு துருவங்களும் உண்டு. 1631-இல் லண்டனில் அரசரின் அச்சாளர்களான ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் அச்சிட்ட பைபிளில் பிறன்மனை விழைதலைத் தடுக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல் விழுந்துபோயிற்று. விபசாரம் செய்வாயாக என்றாகிவிட்டது கட்டளை. அச்சாளர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதித்து உரிமத்தையும் பறித்தார்கள். எதிர்த் துருவம் 1922-இல் வந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’. பிரான்சில் திஜோன் நகரில், ஆங்கிலம் அறியாத எழுத்துக்கோப்பவர்கள் கோத்தது. ஜாய்ஸோ மெய்ப்புகளிலேயே நாவலை மேலும் மேலும் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். பிழைகள் மலிந்தன. பதிப்பாளர் சில்வியா பீச், அசாதாரணமான சூழ்நிலையில் தவிர்க்க முடியாதுபோன அச்சுப் பிழைகளுக்கு வாசகரின் பொறுமையைக் கோரி நூலின் முகப்பிலேயே ஒரு குறிப்பு வைத்தார். எழுத்துக்கோத்தவர்களை அதில் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அநியாயமாக இருந்திருக்கும். மெய்ப்பை அவ்வளவு தூரம் மாற்றியவர் நூலாசிரியரே.

மயிலாப்பூருக்குத் திரும்புவோம். கையொப்பத்தின் பொருள் ஈய எழுத்துக் காலத்தில் ஒன்றாகவும் இன்று வேறொன்றாகவும் இருக்கிறது. ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் மாம்பலத்திலும் ட்ரெடில் இயந்திரங்கள் ஓடிய நாட்களில் ஓர் எழுத்தை மாற்றுவது என்றால் கட்டியிருக்கும் பாரத்தை அவிழ்த்து, இடுக்கியால் எழுத்தைப் பிடுங்கி, வேறெழுத்தைச் செருகி, மறுபடி இறுக்க வேண்டும். ஆகவே மெய்ப்பு என்பது பெரிய காரியம். காலி புரூஃப், பக்க புரூஃப், கடைசியில் மெஷின் புரூஃப் என்று படிப்படியாக வரும். கம்போஸிட்டர்களில் பலர் வாடிக்கையாளரைவிடத் தமிழ் அறிந்தவர்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிழை கண்ணில் பட்டால் நிறுத்தித் திருத்திவிடலாம். மீதிப் பிரதிகள் பிழைத்துவிடும்.

ஆஃப்செட் வந்த பின் பிழை தகட்டில் ஏறிவிடுகிறது. தகட்டை மாற்றாமல் திருத்த வழியில்லை. மெய்ப்போ, வாட்ஸப்பில் ஒரு படமாக வருகிறது. நாம் பேருந்தில் நின்றுகொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் குறியை அனுப்பிவிடுகிறோம். ஒரு காலத்தில் மேஜையில் உட்கார்ந்து, பேனா பிடித்து, கைப்பிரதியோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்த ஒப்புதலுக்கு இருந்த அதே சட்ட மதிப்பை இந்தக் கட்டைவிரலுக்கும் கொடுக்கிறோம். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

பிழைகள் பிறக்கும் இடங்களும் மாறிவிட்டன. நாம் செல்பேசியிலிருந்து அனுப்புவது யூனிகோட் எழுத்து. பல அச்சகங்களில் இன்றும் உயிரோடிருக்கும் பேஜ்மேக்கருக்கு அது தெரியாது; அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். எனவே பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள், அல்லது புதிதாகத் தட்டச்சு செய்கிறார்கள். மாற்றும்போது கொம்பு இடம் பெயர்கிறது. ‘ஔ’ என்பது ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிகிறது. ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்குப் புள்ளி வைத்த உருவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய பத்திரிகையின் கோப்பைத் திறந்து அதன் மேலேயே புதியதை அடிப்பது இன்னொரு வழக்கம். போன மாதம் திருமணம் முடித்த குடும்பத்தின் ஊர்ப்பெயரோ தொலைபேசி எண்ணோ நம் பத்திரிகையில் தங்கிவிடுவது இப்படித்தான். இவற்றில் எதுவும் வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அச்சகத்துக்குத் தெரியும். எந்த இடத்தில் கோளாறு வரும் என்று அறிந்தவர் ஒருவர்; சரி என்று கையொப்பமிடுபவர் மற்றொருவர்.

படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்ததை நாம் படிப்பதில்லை. அங்கே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். சொந்தக் குடும்பத்தின் பெயர்களைச் சரிபார்க்க மிகவும் தகுதியற்றவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பை யாருமே எழுத்துக்கூட்டிப் பார்ப்பதில்லை. நான் மூன்று முறை படித்தேன் என்றேனே, மூன்று முறையும் என் மனத்தில் இருந்த பத்திரிகையைத்தான் படித்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, ஒரு தரப்பார் மட்டும் ஒரு விவரத்தைத் தவறாக எண்ணியிருந்தார் என்பதாலேயே ஒப்பந்தம் தள்ளுபடியாகிவிடாது. கையொப்பமிட்ட மெய்ப்பு வலுவான சான்று. ஒப்பந்தத்தை மீறியதாகவே வைத்துக்கொண்டாலும், 73-ஆம் பிரிவு இயல்பாக விளையும் நஷ்டத்துக்குத்தான் ஈடு தருகிறது. தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இல்லை. அண்ணியின் கண்ணீருக்கு அதில் பத்தி கிடையாது. மறுபக்கம், 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டோடு நேர்மையற்ற ஒப்பந்தம் என்பதையும் வரையறுத்திருக்கிறது. என்ன நேர்ந்தாலும் நான் பொறுப்பல்ல என்று ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று அச்சகமும் நிம்மதியாக இருக்க முடியாது. எப்படியிருந்தாலும், பத்திரிகைக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நமக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, அட்டை.

சட்டத்துக்கு வெளியே அச்சகத்தைக் கட்டும் இன்னொன்று உண்டு. 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், அச்சான நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் போய், பருவ இதழ்களுக்கான 2023-ஆம் ஆண்டின் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் பத்திரிகையின் பின்புறம் கீழ் மூலையில் அச்சகத்தின் பெயரைப் பொடி எழுத்தில் போடும் பழக்கம் போகவில்லை. அது விளம்பரம். பிழையுள்ள அறுநூறு அட்டைகளிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கையொப்பமிட்டவன் நான் என்பது கோப்புக்குள் இருக்கும் ஒரு தாளுக்கு மட்டுமே தெரியும். ஊருக்குத் தெரிவது மூலையில் உள்ள பெயர்.

அச்சகத்தார் தரப்பையும் சொல்ல வேண்டும். அது வலுவான தரப்பு. சிறிய அச்சகத்தில் பெரிய செலவு தாளும் அட்டையும். ஒரு வேலையில் கிடைக்கும் கூலியைக் கொண்டு அதே வேலையின் தாளை இரண்டாம் முறை வாங்க முடியாது. ஒவ்வொரு பிழையையும் தன் தலையில் போட்டுக்கொண்டால் ஆறு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். மேலும், கேட்டால் இலவசமாக மறு அச்சு கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் மெய்ப்பை யாரும் படிக்க மாட்டார்கள். மண்டபத்தை மாற்றிவிட்டு அச்சகத்தின் தவறு என்று வாதாடுகிறவர்களும் உண்டு என்று அச்சகத்தார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கையொப்பம் அப்படிப்பட்டவர்களிடமிருந்து அவர்களைக் காக்கிறது. அந்தக் காப்பை நான் பிடுங்கச் சொல்லவில்லை. எது எதற்குக் காப்பு என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

என் பார்வையில் ஒப்புதல் பெற்ற பிழைகள் நான்கு வகை.

முதல் வகை, கைப்பிரதியில் சரியாக இருந்து, அச்சகத்தின் கையால் பிழையாகி, வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் தப்பியது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இங்கே இரண்டு பூட்டுகளும் திறந்துகொண்டன. ஆகவே செலவையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கூலியும் தகடும் அச்சகத்துடையவை. தாளின் அடக்க விலை வாடிக்கையாளருடையது. உதாரணத்துக்கு, பன்னிரண்டாயிரம் ரூபாய் வேலையில் அட்டை ஏழாயிரம் என்றால், வாடிக்கையாளர் அந்த ஏழாயிரத்தை மறுபடி கொடுக்கிறார். அச்சகம் ஐந்தாயிரத்தை விட்டுக்கொடுக்கிறது. இருவருக்கும் வலிக்கும். யாரும் முழுகிப்போக மாட்டார்கள். மயிலாப்பூர் உரிமையாளர் யோசிக்காமல் சொன்ன கணக்கு இதுவே.

இரண்டாம் வகை, கைப்பிரதியிலேயே இருந்த பிழை. இது வாடிக்கையாளருடையது. ஆனால் அச்சகத்தார் கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைகள் சில உண்டு. தமிழ்ப் பத்திரிகையில் தமிழ் வருடம், மாதம், தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம், லக்னம், நேரம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று சுவரில் தொங்கும் காலண்டரே சொல்லிவிடும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம் என்றால் இன்னும் கவனம் தேவை. பஞ்சாங்கத்துக்கு நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத் தேதி நள்ளிரவிலேயே மாறிவிடுகிறது. பஞ்சாங்கப்படி முதல் நாளைச் சேர்ந்த முகூர்த்தம், ஆங்கிலத் தேதியில் மறுநாள் ஆகிவிடும். இதில் குழம்பிய குடும்பங்கள் ஏராளம். மாதம் பல பத்திரிகைகள் அடிக்கும் அச்சகத்துக்கு இந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அவர் கொடுத்ததை நான் அடித்தேன் என்பது தொழிலாகாது. குறைந்தபட்சம் இந்த மறு அச்சில் லாபம் வைக்காமல் இருக்கலாம்.

மூன்றாம் வகை, சொல்லியும் கேளாமல் வாடிக்கையாளர் வற்புறுத்திப் போடவைப்பது. இதற்கு நல்ல உதாரணம் ‘திருவளர்செல்வன்’. ‘வளர்செல்வன்’ வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘திருநிறைசெல்வி’யும் அப்படியே. ஆனால் எத்தனையோ பத்திரிகைகளில் ‘ச்’ போட்டே பார்த்துப் பழகிவிட்டதால், சரியாக அச்சிட்டால்தான் பிழை என்கிறார்கள். தியாகராய நகரில் ஓர் அச்சகத்தில் பெண் வீட்டார் ஒருவர், ஒற்றெழுத்து விழுந்துவிட்டது என்று சண்டைக்கு நின்றதை நானே பார்த்தேன். பாவம், உரிமையாளர் இலக்கணம் சொல்லிப் பார்த்துவிட்டு ‘ச்’ போட்டுக் கொடுத்தார். அவர் செய்தது சரி. பத்திரிகை அவர்களுடையது. அச்சகத்தின் கடமை ஒரு முறை எடுத்துச் சொல்வது. சொன்னதை மெய்ப்பின் ஓரத்தில் குறித்து வைப்பது. அதற்குப் பிறகு முழுப் பொறுப்பும் கையொப்பத்துடையது. பின்னால் தமிழாசிரியரான மாமா ஒருவர் வந்து சிரித்தால் அச்சகம் வருந்த வேண்டியதில்லை.

நான்காம் வகை, ஒப்புதலுக்குப் பிறகு நுழைந்த பிழை. கையொப்பமிட்ட மறுநாள் தொலைபேசியில் ஒரு எண்ணை மாற்றச் சொல்கிறோம். மாற்றும்போது வரி நகர்ந்து, கீழே இருந்த விலாசத்தின் கடைசிச் சொல் மறைந்துவிடுகிறது. அல்லது இன்னொரு கணினியில் திறந்தபோது எழுத்துரு மாறிவிடுகிறது. வாடிக்கையாளர் பார்த்த தாள் ஒன்று, அச்சான தாள் வேறு. இதில் கையொப்பத்தை நீட்டுவது நேர்மையாகாது. முழுச் செலவும் அச்சகத்துடையது. ஜாய்ஸைப் போல மெய்ப்பில் கைவைத்துக்கொண்டே இருக்கும் வாடிக்கையாளரிடம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய மெய்ப்பு, புதிய கையொப்பம், பழையது ரத்து என்று அச்சகமே கறாராக இருந்துவிடலாம்.

இப்படிப் பிரித்துக்கொண்டால் சண்டை பெரும்பாலும் எந்த வகை என்பதோடு முடிந்துவிடும். அதைத் தீர்மானிக்கக் கைப்பிரதி வேண்டும், எண்ணிட்ட மெய்ப்புகள் வேண்டும். இரண்டையும் விழா முடியும்வரையாவது வைத்திருப்பது அச்சகத்தின் வேலை. பங்கீட்டு முறையை முன்பணம் வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிழை நேர்ந்த பின் சொன்னால் எந்த நியாயமும் தந்திரமாகத்தான் ஒலிக்கும்.

ஒப்புதல் வாங்கும் முறையையும் மாற்றலாம். ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாகப் பெயர்கள், இறந்தவர் யார் இருப்பவர் யார், தேதியும் கிழமையும், நேரம், இடம், தொலைபேசி எண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறி போடச் சொல்லலாம். மெய்ப்போடு கைப்பிரதியையும் சேர்த்துக் கொடுக்கலாம். பழைய அச்சுக்கூடங்களில் ஒருவர் கைப்பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் இரண்டு பேர் பத்து நிமிடம் செலவழித்தால் போதும். குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

பிழை தெரிந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் மறு அச்சுத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்று மிகுந்ததற்கும் பட்டத்தில் ஓர் எழுத்து விடுபட்டதற்கும் அறுநூறு அட்டைகளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. தொலைபேசி எண் தவறென்றால் ஒரு துண்டுச் சீட்டு போதும். நாளோ இடமோ தவறாகிக் கூட்டம் வேறெங்கோ போய் நிற்கும் என்றாலும், ஒரு மனிதருக்கு அவமானம் நேரும் என்றாலும் மட்டும் மறுபடி அச்சிடத்தான் வேண்டும். இதைத் தீர்மானிக்கும்வரை ஓர் உறைகூட வீட்டை விட்டுப் போகக் கூடாது. நாங்கள் எட்டு உறைகளை அனுப்பியிருந்தோம். எட்டுப் பேருக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். அவர்களில் ஒருவர் துக்கம் விசாரிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் இலக்கிய நண்பர்கள், பத்திரிகை அச்சுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். நம்மில் பலர் கவிதைத் தொகுப்பு போட்டவர்கள், சிற்றிதழ் நடத்தியவர்கள். பதிப்பகத்திலிருந்து வந்த மெய்ப்பை இரண்டு இரவில் பார்த்து அனுப்பிவிட்டு, நூல் வந்தபின் முன்னுரையிலேயே பிழையைக் கண்டு பதிப்பாளரை வைதிருக்கிறோம். தமிழில் மெய்ப்புப் பார்ப்பதைத் தனி வேலையாக மதித்துக் கூலி கொடுக்கும் இடங்கள் குறைவு. 1974-இல் க்ரியாவைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 2020-இல் மறையும்வரை ஒரு நூலின் ஒவ்வொரு புள்ளிக்கும் பதிப்பாளரும் பொறுப்பு என்று நடந்துகொண்டார். அதனால் அவருடைய நூல்கள் தாமதமாக வந்தன. தாமதத்தைக் குறை சொன்ன நாமே அந்த நூல்களின் செம்மையைப் பாராட்டவும் செய்தோம். நூலாசிரியர் பார்த்துவிட்டார் என்பதைக் காரணமாகச் சொல்லிப் பதிப்பாளர் தப்பித்துக்கொள்வதும், பதிப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று நூலாசிரியர் படிக்காமல் ஒப்புதல் தருவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். மயிலாப்பூர்ச் சந்துக்கும் நம் புத்தகக் கண்காட்சிக்கும் அதிக தூரமில்லை.

அட்டைக் காசைக் கொடுத்தேன். அண்ணனுக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. பெரியவர் திருமணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். அந்த அச்சகத்துக்கு நான் இன்னும் போகிறேன். போன மாதம் உறவினர் ஒருவரின் பத்திரிகைக்காக உடன் போயிருந்தேன். மெய்ப்பைக் கொடுக்கும் முன் உரிமையாளர் தானே பேனாவை எடுத்துக்கொண்டு, பெரியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார்: “இவங்க இருக்காங்களா சார்? இவங்க?” உறவினருக்குச் சற்று விசித்திரமாக இருந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.